ஸ்லைடு இறுகிவிட்டதா? சுத்தியலை எடுக்காதீர்கள்

வண்டன்மேடு, குமுளி பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள், மூணாறிலும் நெல்லியாம்பதியிலும் தோட்டம் வைத்திருப்பவர்கள், பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்துப் பெரிய விவசாயிகள் என, கேரள எல்லையோரத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. காட்டுப்பன்றிக்கு வாங்கிய பன்னிரண்டு போர் துப்பாக்கிதான் அதிகம். தற்காப்புக்குப் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் குறைவு. அந்தச் சிலரைத் திகைக்க வைக்கும் கோளாறு ஒன்று இருக்கிறது. பிஸ்டலைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டினால், மேலே முன்னும் பின்னும் நகர வேண்டிய ஸ்லைடு நகர மறுக்கும். சுத்தம் செய்ததே தப்போ என்று தோன்றும். தப்பு சுத்தம் செய்ததில் இல்லை. பெரும்பாலும் அது எண்ணெயிலோ மாட்டிய விதத்திலோதான் இருக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கும் பிஸ்டல் பெரும்பாலும் .32 ரகம். போலீஸ் வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டல் தடைசெய்யப்பட்ட ரகம், நமக்குக் கிடையாது. இரண்டுக்கும் உள்ளமைப்பே வேறு. 9 மி.மீ. பிஸ்டலில் தோட்டா வெடிக்கும் நொடியில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டியபடி இருக்கும். சாதாரண .32 பிஸ்டலில் அந்தப் பூட்டு இல்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் மட்டுமே வெடிப்பின் வேகத்தைத் தாங்க வேண்டும். அதனால் ஸ்பிரிங்கை வலுவாகவே வைத்திருப்பார்கள். சின்னத் துப்பாக்கிதானே, லேசாக இழுபடும் என்று நினைப்பது தவறு. ஹேமர் வெளியே தெரியும் மாடலாக இருந்தால், தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின் அதை முதலில் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள். பாதிப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும்.

அதற்குப் பிறகும் இறுக்கமாக இருந்தால் எண்ணெயைச் சந்தேகிக்க வேண்டும். இங்கேதான் நம் ஊரின் தட்பவெப்பம் விளையாடுகிறது. கேரளத்து வீட்டில் கைக்கெட்டும் எண்ணெய் தேங்காயெண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். மூணாறில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்குவது எல்லாருக்கும் தெரியும். அப்படியொரு காலையில் ஸ்லைடு தடத்தில் தேங்காயெண்ணெய் இருந்தால் அது மெழுகாகத்தான் நிற்கும். உறையாவிட்டாலும் நாள்பட நாள்பட அது கெட்டுவிடும். சமையல் எண்ணெய் எதுவுமே துப்பாக்கிக்கு ஆகாது. வண்டிக்குப் போடும் கெட்டி கிரீஸும் மலைக்குளிரில் அதே வேலையைத்தான் செய்யும்.

பாலக்காட்டுப் பக்கம் சிக்கல் தலைகீழ். கணவாய் வழியாக வீசும் காற்று கோடைத் தூசியைக் கொண்டுவந்து கொட்டும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் மெல்லிய எண்ணெய் வழிந்தோடிவிடும். எண்ணெயை அள்ளிப் பூசியிருந்தாலோ தூசியும் துடைத்த துணியின் நூலும் சேர்ந்து சேறாகும். மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். பழைய எண்ணெய் முழுதும் போய், இரும்போடு இரும்பு உராய்ந்து இறுகும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய், தடத்துக்கு ஒரு சொட்டு, பிறகு நூல் விடாத துணியால் ஒரு துடைப்பு. அது போதும்.

அடுத்தது மாட்டிய விதம். சோதிக்கும் முன் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுக்க முடிந்தால் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஸ்லைடு சிறிதும் திறக்காமல், உள்ளே தோட்டா இருக்குமோ என்ற ஐயம் துளி இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வீட்டில் தீர்க்கும் விஷயமல்ல.

காலி என்று உறுதியான பின் மறுபடி கழற்றி, ஸ்பிரிங்கும் குழலும் இல்லாமல் ஸ்லைடை மட்டும் பிஸ்டலின் சட்டத்தில் (ஃபிரேமில்) ஏற்றி முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். மாடல் அதற்கு இடம் கொடுத்தால், இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. வழுக்கிக்கொண்டு போனால் தடம் நன்றாக இருக்கிறது. தடுக்கினால் தடத்திலேயே துருவோ அழுக்கோ, கீழே விழுந்து ஏற்பட்ட நெளிவோ இருக்கிறது. பிறகு குழலைச் சேர்த்துப் பாருங்கள், கடைசியாக ஸ்பிரிங்கை. எதைச் சேர்க்கும்போது இறுகுகிறதோ அதுதான் காரணம்.

பல தடவை அது ஸ்பிரிங்காகத்தான் இருக்கும். குழலைச் சுற்றி ஸ்பிரிங் வரும் சில மாடல்களில் அதன் ஒரு முனை மற்றதைவிடச் சற்றுக் குறுகல். திருப்பிப் போட்டுவிட்டால் மாட்டியது போலவே தெரியும், ஆனால் பிடித்துக்கொள்ளும். கழற்றுவதற்கான நெம்புகோல் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாமல் இருப்பதும் உண்டு. சேஃப்டியைப் போட்டால் ஸ்லைடே பூட்டிக்கொள்ளும் மாடல்களும் இருக்கின்றன. காலி மேகசின் உள்ளே இருந்தால் சில பிஸ்டல்களில் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும். அது கோளாறே இல்லை, அப்படி நிற்கத்தான் செய்திருக்கிறார்கள்.

இத்தனையும் பார்த்து விடை கிடைக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். சுத்தியலால் தட்டுவது, அரத்தால் தடத்தை ராவுவது, ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. இழுக்க லேசாகட்டும் என்று ஸ்பிரிங்கை வெட்டினால், பூட்டில்லாத .32 பிஸ்டலில் வெடிப்பைத் தாங்க இருந்த துணையையே வெட்டுகிறோம். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். துடைப்பதும் எண்ணெய் போடுவதும் உரிமையாளர் வேலை. அதற்கு மேல் லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வேலை. உள்ளூர் லேத்துப் பட்டறையில் கொடுப்பது உரிமையாளர், பட்டறைக்காரர் இருவருக்குமே வழக்காக முடியும்.

கடைக்குக் கொண்டுபோவதிலும் எல்லைவாசிகளுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போவது நமக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போவது போல. ஆனால் லைசென்ஸ் புத்தகத்தில் அது செல்லுபடியாகும் பகுதி எழுதப்பட்டிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால், சோதனைச்சாவடியைத் தாண்டிய அடுத்த அடியில் அது சட்டவிரோத ஆயுதம். மறையூர்க்காரர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. உடுமலைச் சாலை சின்னார் சரணாலயத்துக்குள் போகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. லைசென்ஸ் இருக்கிறதே என்று வாதாடுவது அங்கே எடுபடாது.

தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் துப்பாக்கி ஒப்படைப்பு வேறு. 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்தது, முடிவு ஜூன் 4இல் வெளியானது. கேரளத்தில் பருவமழை மே 30இலேயே தொடங்கிவிட்டது. கொளுத்தும் வெயிலில் ஒப்படைத்த பிஸ்டல் கொட்டும் மழைக்காலத்தில் வீடு திரும்பினால் உறைக்குள் ஈரம் கோத்திருக்கும், தடத்தில் செம்புள்ளி விழுந்திருக்கும். தோல் உறையில் வைத்துக் கொடுப்பது இதை இன்னும் மோசமாக்கும், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒப்படைக்கும் முன் மெல்லியதாக எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு துணிப்பையில் கொடுங்கள். வாங்கும்போது நிலையத்திலேயே அதிகாரி முன்னிலையில் ஸ்லைடை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காவல் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: இடுக்கி மழையில் மாதக்கணக்கில் ஆயுதங்களை வைத்திருக்கும் நிலையங்களில் ஈரம் புகாத அலமாரி ஒன்றாவது இருக்கட்டும்.