உப்புப் பாக்கெட்டை நீட்டுமுன்...

கண்நோய் தீர வேண்டிக் கண்ணாத்தாள் சந்நிதிக்கு வருவோரை நாட்டரசன்கோட்டை வணிகர்களாகிய நாம் அன்றாடம் காண்கிறோம். சிறுநீரக நோயாளிகள் அப்படிக் கண்ணில் படுவதில்லை. மாதச் சிட்டை மாறும்போதுதான் தெரிகிறது. எண்ணெய் பாதியாகும், கருவாடு, ஊறுகாய், அப்பளம் நின்றுவிடும். பிறகு, "சோடியம் குறைந்த உப்பு இருக்காண்ணே?" என்ற கேள்வி வரும்.

நாமும் பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. நல்ல சிறுநீரகம் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும், பழுதுற்றதால் முடியாது. இரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், சிறுநீரகக் கோளாறு உள்ளோருக்கு அது பொருந்தாது என்று விலக்கிவிட்டது. இந்துப்பு கேட்போரும் உண்டு. அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு.

சரி, கொழுப்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரக நோயாளிகள் பலரது உயிரைப் பறிப்பது இதய நோயே. 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2011இல் வெளியான 'ஷார்ப்' ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை பெற்றோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தன. ஆனால் டயாலிசிஸ் நிலைக்கு வந்தபின் புதிதாகத் தொடங்கிய மாத்திரை குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று 2005இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு காட்டியது. ஆகவே முன்கூட்டியே கவனிக்க வேண்டும். மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் பொறுப்பு.

எண்ணெய் டின்னில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பதில் பெருமை ஏதுமில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது என்றே சொல்லலாம். பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் அது ஏறத்தாழ 90 சதவீதம், பாமாயிலில் பாதி, நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்குள். நம் பக்கத்துத் தேன்குழலும் அதிரசமும் எந்த எண்ணெயில் வெந்தாலும் அளவு முக்கியம்.

இன்னொரு சிக்கல். கொழுப்பைக் குறைக்கப் பிறருக்குச் சொல்லும் பாதாம், கீரை, பழச்சாறு எல்லாம் பொட்டாசியம் கூடிய சிறுநீரக நோயாளிக்கு ஆகாது, இளநீரும் அப்படியே. காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டால் ஓரளவு குறையும். பருப்பு விஷயத்தில் உறவினர் சொல் கேட்டு ஏமாறுவோர் அதிகம். டயாலிசிஸுக்கு முன் புரதத்தை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் அளவில் வைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியபின் கூடுதலாகத் தேவை. அப்போதும் பத்தியம் என்று பருப்பை ஒதுக்கினால் உடல் இளைத்துப் போகும்.

கல்லாவில் காலை முதல் இரவு வரை அமரும் நமக்கு நடை என்றாலே கசப்பு. சிறுநீரக நோயாளிக்குச் சொல்லும் அளவு, உடல் இடம் கொடுத்தால், வாரம் 150 நிமிடம். ஊருணிக் கரையில் தினம் அரைமணி, ஐந்து நாள் நடந்தால் கணக்கு சரி. டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைத்த கையால் மட்டும் அரிசிச் சிப்பம் தூக்கக் கூடாது. அந்தக் கையில் பை மாட்டுவதும் வேண்டாம்.

நமது கடையில் அந்த உப்பு அடுக்கிய தட்டின்மேல், "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கவும்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். அந்தச் சரக்கு சற்று மெதுவாகத்தான் நகர்கிறது.