அடுத்த இருக்கையில் நம் அயலார்

விமானத்தில் ஏறி நமது இருக்கையைத் தேடிச் செல்கின்றோம். அருகில் உடல் பருத்த ஒருவர் அமர்ந்திருக்கின்றார். கண்டதும் நம் முகம் சுருங்குகின்றது. அவரோ முன்னமே தோள்களைக் குறுக்கி, கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டு ஒடுங்கி இருக்கின்றார். நமது முகச்சுளிப்பை அவர் கண்டுவிட்டார். அவர் காணும் முதல் முகச்சுளிப்பும் அதுவன்று.

இடநெருக்கடி மெய்யே. ஆனால் குற்றம் அவருடையதா? சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலமே. ஒருகாலத்தில் 35 அங்குலமாயிருந்த வரிசை இடைவெளி 31 ஆகவும், சில விமானங்களில் 28 ஆகவும் சுருங்கியதென்று 2017ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. இலாபம் கருதி இருக்கையைக் குறுக்கியவர் வேறு. பழி சுமப்பவர் வேறு.

கனடா நாட்டின் போக்குவரத்து ஆணையம் 2008ஆம் ஆண்டு ஒரு நல்வழி காட்டிற்று. மிகுந்த உடற்பருமனால் இயலாமைக்குள்ளாகி, கூடுதல் இருக்கை தேவைப்படுவோரிடம் உள்நாட்டுப் பயணத்திற்கு ஒரே கட்டணம் பெறவேண்டுமென்று பெரிய விமான நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

சட்டம் செய்யக்கூடியது அது. எஞ்சியது நம்மிடம் உள்ளது. வேறு இருக்கை காலியாயிருப்பின், அவர் செவியில் விழாதவாறு பணிப்பெண்ணிடம் கேட்கலாம். இல்லையேல் வணக்கம் கூறி, நடுக் கைப்பிடியை நாமே உயர்த்திவிடலாம்.

தன் அயலான் யாரென்று சட்ட அறிஞன் ஒருவன் ஆண்டவரிடம் வினவினான். நமக்கு அவ்வினா வேண்டுவதில்லை. அவர் நம் தோளுரசி அமர்ந்திருக்கின்றார்.