இட்லி அரிசியும் ஜீன் திருத்தமும்

நெல்லைப் பக்கம் இட்லிக்கு ஊறப்போடும் குண்டரிசியில் ஏ.எஸ்.டி.-16 ரொம்பப் பிரபலம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ரகம். ஏ.டி.டி.-31, கோ-39 இரண்டையும் கலந்து, நல்லதைப் பொறுக்கியெடுத்தார்கள்.

'அப்போ மரபணு மாற்றம் என்பது?' என்கிறீர்களா? ஜீன் என்பது உயிரணுவுக்குள் இருக்கும் சமையல் குறிப்பு மாதிரி. கலப்பினத்தில் இரண்டு செடிகளின் குறிப்புகள் கலக்கின்றன. பி.டி. பருத்தியில் மண் பாக்டீரியாவின் ஜீனையே செருகினார்கள். 2002-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 'கிரிஸ்பர்' முறையில் உள்ள குறிப்பிலேயே ஓரிரு எழுத்தைத் திருத்தலாம். சம்பா மசூரியில் அப்படி ஒரு ஜீனைத் திருத்தி, கதிரில் கூடுதல் மணி பிடிக்கும் 'கமலா' ரகத்தை 2025 மே மாதம் அறிவித்தார்கள்.

வெளி ஜீன் இல்லாத இத்தகைய பயிர்களுக்கு மத்திய அரசு 2022-ல் சில கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு அளித்தது. சிக்கல் இங்கேதான்! திருத்தியதாலேயே அரிசி விஷமாகிவிடாது. 'கொஞ்சம்தானே மாற்றினோம்' என்று சோதனையை விட்டுவிடவும் கூடாது. சோதனை முடிவுகளை நாமும் பார்க்கலாமா? அரிசிப் பையில் எழுதுவார்களா? பிசானத்துக்கு விதைநெல் எடுத்துவைக்க 2001-ம் வருடச் சட்டம் விவசாயிக்குத் தந்த உரிமை, கிரிஸ்பர் மீதான வெளிநாட்டுக் காப்புரிமைக்கு முன்னால் நிற்குமா?

உலையில் போடுகிறவர் நீங்கள். அதனால் கேள்வியையும் நீங்களே கேளுங்கள்.