வயதானவர்கள் கூட்டத்தில் சில 'இளம்' நட்சத்திரங்கள்... வானத்தில் நடக்கும் இளமை ரகசியம்!

பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் 50 ஆண்டுகள் கழித்துச் சந்திக்கிறார்கள். எல்லோருக்கும் தலை நரைத்திருக்கிறது. நாலைந்து பேர் மட்டும் கல்லூரி மாணவர்கள்போல வந்து நின்றால் எப்படி இருக்கும்? 1953-ல் அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ் கண்டது அப்படியொரு காட்சியைத்தான்.

அவர் ஆராய்ந்தது 'எம் 3' என்ற விண்மீன் கொத்து. அதிலுள்ள லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. வயது, 1,100 கோடி ஆண்டுகளுக்கும் மேல். எடை அதிகமுள்ள நட்சத்திரம் நீல நிறத்தில் ஜொலிக்கும். ஆனால், தன் எரிபொருளான ஹைட்ரஜனை சீக்கிரம் தீர்த்துவிடும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டுகள் என்றால், அதைப்போல இரு மடங்கு எடையுள்ள நட்சத்திரத்துக்கு 200 கோடிகூட கிடையாது. அப்படியானால், எம் 3-ல் இன்னும் இளமையாக எரியும் இந்த நீல நட்சத்திரங்கள் எங்கிருந்து வந்தன?

இவற்றுக்கு 'ப்ளூ ஸ்ட்ராக்லர்' என்று பெயர். கூட்டத்தோடு சேர்ந்து முதுமை அடையாமல் பின்தங்கி நிற்பவை என்று அர்த்தம்.

இரண்டு ஒன்றானால்..?

நட்சத்திரங்களில் பல, ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுபவை. மிக நெருங்கிய ஜோடிகள் கோண உந்தத்தை மெல்ல இழந்து, ஒன்றையொன்று தொட்டு, கடைசியில் ஒரே நட்சத்திரமாகிவிடும். எடை கூடுகிறது, புது ஹைட்ரஜனும் உள்ளே போகிறது. கிழவர் மீண்டும் குமரனாகிவிடுகிறார்!

நட்சத்திரங்கள் இணைவதற்கு நேரடி சாட்சியும் இருக்கிறது. விருச்சிக மண்டலத்தில் உள்ள 'வி1309' என்ற ஜோடி, சுமார் 1.4 நாள்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கால அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. 2008-ல் பல ஆயிரம் மடங்கு பிரகாசத்துடன் வெடித்து, இரண்டும் ஒன்றாகின. பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஞ்ஞானிகளுக்கு இந்தக் கதை முழுதாகப் புரிந்தது.

இந்தியக் கண் பிடித்த துணை

எல்லா ஜோடிகளும் இணைவதில்லை. சில நேரம் ஒன்று வீங்கி முதுமை அடையும்போது, அதன் வாயுவை மற்றொன்று உறிஞ்சிக்கொள்ளும். கொடுத்தது வெறும் கருவாகச் சுருங்கும். வாங்கியது இளமையாகும்.

சுமார் 700 கோடி வயதான 'என்ஜிசி 188' கொத்தில் இதற்கு ஆதாரம் கிடைத்தது. இந்தியாவின் 'அஸ்ட்ரோசாட்' செயற்கைக்கோளில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி மூலம், பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த அன்னபூரணி சுப்பிரமணியம் தலைமையிலான குழு, ஒரு ப்ளூ ஸ்ட்ராக்லரின் அருகில் ஒளிந்திருந்த துணையை 2016-ல் கண்டறிந்தது. அதன் வெப்பநிலை சுமார் 17,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு! சாதாரண ஒளியில் மறைந்திருந்த அது, புற ஊதா ஒளியில் மாட்டிக்கொண்டது.

நம் சூரியனுக்கு இந்த யோகம் இல்லை. அது தனிக்கட்டை. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் அதன் ஹைட்ரஜன் தீரும்போது, கடன் கொடுக்கப் பக்கத்தில் யாரும் இருக்கப்போவதில்லை!