இம்ப்ளான்ட் போட்ட இடத்தில் மஞ்சளுக்கு என்ன வேலை?

பல் இம்ப்ளான்ட் போட்ட பிறகு ஆற வேண்டியது ஒன்றல்ல, இரண்டு: எலும்பு, ஈறு. மூலிகையைப் பற்றிப் பேசும்போது இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காததால்தான் குழப்பமே வருது.

முதலில் எலும்பு. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், 1950-களில் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965-ல் அதே முறையில் முதல் நோயாளிக்குப் பல் பொருத்தினார். இந்த ஒட்டுதலுக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் பிடிக்கும். ஈறின் மேல் தடவும் மூலிகை அந்த ஆழத்துக்குப் போய் வேலை செய்யும்னு எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் பால் குடிச்சாலும் குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும்.

மூலிகைக்கு வேலை இருக்குன்னா அது ஈறில்தான். சொந்தப் பல்லின் வேருக்குள் ஈறின் நார்கள் புகுந்து இறுகப் பிடிச்சிருக்கும். டைட்டானியத்துக்குள் அப்படிப் புக முடியாது. சட்டைக் காலர் மாதிரி சுற்றி அணைச்சிருக்கும், அவ்வளவுதான். அந்த இடுக்கில் கிருமிப் படலம் தங்கினால் ஈறு வீங்கும். கவனிக்காமல் விட்டால் கீழே எலும்பு கரையும். இதற்கு டாக்டர்கள் தரும் குளோர்ஹெக்சிடின் நன்றாக வேலை செய்யும். ஆனா தொடர்ந்து கொப்பளிச்சா பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் ருசி மாற்றம். அதனாலதான் திரிபலா, கிரீன் டீ, கற்றாழை எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. ஈறு வீக்கத்துக்குத் திரிபலா கிட்டத்தட்ட அதே அளவு உதவியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சொந்தப் பல் உள்ளவர்களிடம், சில வாரங்களே செய்தவை. தையல் பிரிச்ச பிறகு, டாக்டர்கிட்ட கேட்டுட்டு, நன்றாக வடிகட்டிய திரிபலா கஷாயத்தில் கொப்பளிக்கலாம் என்பது வரைக்கும்தான் நான் போவேன். அதுவும் பிரஷ்ஷுக்குப் பதிலா இல்லை.

என் கவலை வேற. மஞ்சள் தூளைத் தையல் மேல் அப்பினால் துகள் காயத்துக்குள் சிக்கும். அஞ்சறைப் பெட்டித் தூள் கிருமி நீக்கியதும் இல்லை. எங்க பெரியம்மா கைப்பையில் கிராம்பு எண்ணெய் எப்பவும் இருக்கும். அதிலுள்ள யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும், பல் டாக்டர்களே பயன்படுத்தும் பொருள்தான். ஆனா நீர்க்க வைக்காமல் திறந்த காயத்தில் வச்சா ஈறைப் பொசுக்கிடும். முதல் நாள் எதைக் கொப்பளிச்சாலும் ரத்தக்கட்டு பெயர்ந்துடலாம். பூண்டு, மஞ்சள், ஜின்கோ மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும். ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி எடுப்பவர்கள் இதை அறுவைக்கு முன்னாலேயே சொல்லணும். "அது மூலிகைதானே"ன்னு சொல்லாம விட்டுடுறாங்க.

இன்னொன்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் சிகரெட்டும் கெடுப்பதை எந்தக் கஷாயமும் ஈடு செய்யாது. எலும்பு கரைவது பல நேரம் வலியே இல்லாமல் நடக்கும். அதனால் ஈறில் ரத்தம், சீழ், ஆடுகிற உணர்வு, இதில் எது வந்தாலும் கொப்பளிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காம உடனே போய்க் காட்டிடுங்க.