கிராமத்தை நாடிய வைத்தியப் பள்ளி

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவ வேதனையில் மாண்டனர். ஆண் வைத்தியர் தீண்டலாகாதென வீட்டார் மறுத்தனர். பெண் வைத்தியரோ இல்லை. அதைக் கண்டு மனமுருகிய ஐடா ஸ்கட்டர் அம்மையார், அமெரிக்காவில் வைத்தியம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி எழுந்தது. ஆயினும் கிராமத்தார் பலரால் அதுவரை வர இயலவில்லை. ஆகவே அம்மையாரே குடியாத்தம் சாலையில் சென்று, மரநிழலில் நோயாளிகளைக் கவனித்தார். ஒருவர் கை போதாதென்று 1918இல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவினார். அது 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களே! வைத்தியர் ஊருக்கு வரும் நாளைத் தண்டோராவால் முன்னதாக அறிவியுங்கள். நம் பெண்களின் படிப்பை இடையில் நிறுத்தாதிருப்போம். நாளைய வைத்தியர் அவர்களுள் இருக்கிறார்.