கூடாரத்தைத் தின்ற பூஞ்சை: அதன் கத்தி எது தெரியுமா?

பருத்திக் கூடாரத்தையே தின்று தீர்க்கும் பூஞ்சை ஒன்று உண்டு, தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலம். பசிபிக் கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரத் துணிகள் இற்று இற்று விழுந்தன. அதில் பிடிபட்ட பூஞ்சைக்கு, அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் 1977-ல் 'டிரைக்கோடெர்மா ரீசி' என்று பெயர் வைத்தார்கள். நம் விவசாயிகள் வேரழுகலைத் தடுக்கத் தொழுவுரத்தில் கலந்து போடும் டிரைக்கோடெர்மா விரிடிக்கு இது சொந்தக்காரன்தான்!

துணி மட்குவதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பருத்தி என்பது பெரும்பாலும் செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மணிகளைக் கோத்த சங்கிலி. அந்த மணிகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகளை வெறும் தண்ணீரில், அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், அவற்றில் பாதி அறுவதற்கே ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள் ஆகுமாம்! பூஞ்சையின் 'செல்7ஏ' என்ற நொதி ஒரே வினாடியில் பல பிணைப்புகளை அறுத்துத் தள்ளுகிறது.

இந்த நொதி ஏறத்தாழ 500 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். எல்லா அமினோ அமிலங்களுக்கும் முதுகெலும்பு ஒன்றுதான். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு அணுக் கொத்துதான் ஆளுக்கு ஆள் வேறு. அந்தப் பக்கத் தொகுதிகள் செய்யும் வேலையைப் பாருங்கள்!

நொதியின் வால்பகுதியில் டைரோசின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று ஒரே தளத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றின் தட்டையான வளையங்கள் செல்லுலோஸின் மேல் பல்லி சுவரில் ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. உடல்பகுதியில் 5 நானோமீட்டர் நீளச் சுரங்கம். அதன் வாசலில் புரத வரிசையின் 40-ஆம் இடத்திலுள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம், செல்லுலோஸ் சங்கிலியின் நுனியைப் பிடித்து உள்ளே வழிகாட்டுகிறது. அதை மாற்றிவிட்டால் கெட்டியான படிகச் செல்லுலோஸைச் சிதைக்கும் வலு வெகுவாகக் குன்றிவிடுகிறது.

சுரங்கத்தின் மறுகோடியில்தான் கத்தி இருக்கிறது. 217-ஆம் இடத்துக் குளுட்டமிக் அமிலம் இரு மணிகளுக்கு நடுவிலுள்ள ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது. அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து, எதிர்மின் சுமை தாங்கிய 212-ஆம் குளுட்டமேட் சர்க்கரையின் கார்பனைத் தாக்குகிறது. பிணைப்பு அறுகிறது! அறுந்த நுனி 212-இன் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. உடனே 217, தான் கொடுத்த புரோட்டானுக்கு ஈடாக ஒரு தண்ணீர் மூலக்கூறிலிருந்து இன்னொன்றைப் பிடுங்குகிறது; அந்தத் தண்ணீரின் மிச்சம் வந்து ஒட்டிய நுனியை விடுவிக்கிறது. இருவரும் பழைய நிலைக்கு வந்து அடுத்த வெட்டுக்குத் தயார். 217 ஒரு கணம் அமிலம், மறுகணம் அதுவே காரம்! என்னை மிகவும் மயக்குவது இந்த இடம்தான்.

212-இன் நுனியில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்துப் பார்த்தார்கள். மற்ற எல்லாம் அப்படியே. ஆனால் வெட்டும் திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை!

செல்லுலோஸின் மேல் இந்த நொதி ஓடுவதை டோக்கியோ விஞ்ஞானிகள் அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள், தெரியுமா? வினாடிக்குச் சுமார் 7 நானோமீட்டர் வேகம். முன்னால் போகும் நொதி தடைபட்டு நின்றால் பின்னால் வருபவையும் வரிசையாக நின்றுவிடுகின்றன. போக்குவரத்து நெரிசலேதான்! 2011-ல் இது வெளியானது.

பூஞ்சைகளிடம் இன்னொரு வகை நொதியும் ஆயுதமாக உண்டு. அதில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டின் பக்கத் தொகுதிகள் ஒரே ஒரு செம்பு அணுவைக் கிடுக்கிபோல் கவ்விக்கொள்ள, அந்தச் செம்பு ஆக்சிஜனேற்றத்தால் படிகத்தின் மேற்பரப்பிலேயே சங்கிலியை உடைக்கிறது. அந்த ஹிஸ்டிடின்களில் ஒன்று புரதத்தின் முதல் அமினோ அமிலம். அதன் வளையத்தில் பூஞ்சை ஒரு மெத்தில் தொகுதியையும் ஒட்டிவைக்கிறது. தான் மூட்டும் தீயில் நொதி தானே பொசுங்கிவிடாமல் இருக்க அது கைகொடுக்கிறது!